சுவைத்தல் பாவமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, தென் பிரான்சில் ரோன் ஆற்றை அடுத்த ஒரு சிற்றூரில், கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று என்னை ஞாயிறு விருந்துக்கு அழைத்திருந்தது. திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், அவ்வீட்டு மூதாட்டியார் மூடியிட்ட மண்சட்டி ஒன்றை ஏந்தி மேசைக்கு வந்தார். முந்தின நாளே சமைத்து வைத்த மாட்டிறைச்சிக் குழம்பு அது. அருகே கருஞ்சிவப்புத் திராட்சை மது நிறைந்த ஒரு புட்டி. அதன் கண்ணாடியிலேயே திருத்தந்தையின் மும்முடியும், புனித பேதுருவின் திறவுகோல்களும் புடைப்பாக வார்க்கப்பட்டிருந்தன. மூதாட்டியார் என் கிண்ணத்தில் ஊற்ற வந்தபோது, நான் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

அது எண்ணிச் செய்த செயலன்று. கை தானாகவே சென்றது. என் தந்தையார் குடியால் மாண்டவர். சனிக்கிழமை இரவுகளில் அவர் தெருமுனையில் திரும்பும் காலடியோசையைக் கேட்டே, அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்று என் அன்னை அறிந்துகொள்வார். அந்த ஓசையில் வளர்ந்த பிள்ளைக்கு மது ஒரு பானமன்று, பகைவன். ஆயினும், அந்த மேசையில் என் உள்ளத்தை ஒரு கேள்வி குத்தியது. இங்கே நான் காண்பதும் என் வீட்டை அழித்த அதே பகைவனைத்தானா? அல்லது, கடவுளின் கொடை ஒன்றை இகழ்ந்துவிட்டேனா? உண்டும் பருகியும் சுவைத்து மகிழ்வது பாவமா, அல்லது அதற்கும் ஓர் அறம் உண்டா?

பல நாள் என்னைத் தொடர்ந்துவந்த இக்கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

திருத்தந்தையரின் திராட்சைத் தோட்டம்

அந்த மதுவின் பெயர் ஷாத்தோநெஃப் து பாப். "திருத்தந்தையின் புதிய கோட்டை" என்பது அதன் பொருள். 1309 முதல் 1377 வரை ஏழு திருத்தந்தையர் உரோமையை விட்டு அவிஞ்ஞோன் நகரில் தங்கியிருந்தனர் என்பதை நாம் அறிவோம். அவர்களுள் இரண்டாமவரான இருபத்திரண்டாம் யோவான், அந்நகருக்கு வடக்கே ஒரு குன்றின்மேல் கோட்டை ஒன்றைக் கட்டுவித்தார். அதைச் சுற்றித் திராட்சைக் கொடிகள் வளர்ந்தன. கோட்டை இன்று பாழடைந்து கிடக்கிறது. 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் அதன் கோபுரத்தை வெடி வைத்துத் தகர்த்ததில், அக்கோபுரத்தின் ஒரு பாதியே எஞ்சி நிற்கிறது. கோட்டை விழுந்தது, கொடிகள் நிற்கின்றன.

அவிஞ்ஞோன் காலம் நமக்குப் பெருமை தரும் காலமன்று. திருத்தந்தையின் அவை உரோமைக்குத் திரும்ப வேண்டுமென்று மன்றாடிய கவிஞர் பெத்ரார்க், கர்தினால்கள் தயங்குவதற்குப் பூன் நகரத்து மது இத்தாலியில் கிடைக்காததும் ஒரு காரணம் என்று கடிந்தெழுதினார். அவர் குறிப்பிட்டது பர்கண்டி நாட்டு மதுவை. எனினும் அக்குற்றச்சாட்டின் கூர்மை எந்த மதுவுக்கும் பொருந்தும். ஆடுகளை மேய்க்க வேண்டியவர்கள் ஒரு சுவைக்காக மேய்ச்சல் நிலத்தையே மறந்துவிடக் கூடுமென்றால், சுவை அஞ்சத்தக்கது அன்றோ?

1376ஆம் ஆண்டு அதே அவிஞ்ஞோனுக்கு ஓர் எளிய பெண் வந்தார். அவரே சியன்னா நகர்ப் புனித கத்தரீன். கடும் நோன்புகளால் உடல் மெலிந்திருந்த அவர், திருத்தந்தை பதினோராம் கிரகோரியாரை உரோமைக்குத் திரும்பும்படி துணிவோடு வேண்டினார். 1377 சனவரியில் திருத்தந்தை உரோமையை அடைந்தார். மதுவை விட மனமில்லாத கர்தினால்கள் ஒருபுறம். உணவையே விட்டுவிட்ட புனிதை மறுபுறம். இவ்விரு சித்திரங்களையும் அடுத்தடுத்து வைத்தால், விடை எளிதாகக் கிடைத்துவிட்டதாகத் தோன்றும்: சுவை தீயது, மறுப்பே நல்லது. ஆனால் விடை அவ்வளவு எளிதன்று.

துறப்பதும் வெறுப்பதும் ஒன்றல்ல

அதே தென் பிரான்சில், ரோன் ஆற்றுக்கு மேற்கே, பன்னிரண்டாம் நூற்றாண்டிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் கத்தாரிகள் என்போர் பரவியிருந்தனர். காணப்படும் உலகம் தீய சக்தியின் படைப்பு என்று அவர்கள் போதித்தனர். அவர்களுள் நிறைநிலை அடைந்தோர் எனப்பட்டவர்கள் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றைத் தீட்டாகக் கருதி விலக்கினர். அவர்களுடைய வாழ்வின் எளிமை மக்களைக் கவர்ந்தது என்பதை மறுக்கலாகாது. 1209இல் தொடங்கி அவர்கள்மேல் தொடுக்கப்பட்ட சிலுவைப் போர், நம் வரலாற்றின் ஆறாத காயங்களுள் ஒன்று என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் அப்போருக்கு முன்பே, 1203இல் துலூஸ் நகருக்கு வந்த புனித சாமிநாதர், தாம் தங்கிய விடுதியின் உரிமையாளர் கத்தாரி எனக் கண்டு, இரவு முழுதும் அவரோடு உரையாடி, விடியும்போது அவரைத் திருச்சபைக்கு மீட்டார் என்கிறது மரபு. வாளால் அன்று, சொல்லால்.

அந்த உரையாடலின் உள்ளடக்கம் நமக்குத் தெரியாவிட்டாலும், சிக்கலின் வேர் தெளிவானது. படைப்பு நல்லதா, தீயதா? நல்லதென்றால், அதன் சுவையும் நல்லதே. நோன்பிருக்கும் கிறிஸ்தவர் உணவு தீயது என்பதால் அதை விடுவதில்லை. அது நல்லது என்பதாலேயே அதைக் காணிக்கையாக்குகிறார். தீயதை எவரும் இறைவனுக்குப் படைப்பதில்லையே! துறப்பவர் பொருளின் நன்மையை ஏற்கிறார். வெறுப்பவர் அதைப் படைத்தவரைப் பழிக்கிறார். புனித கத்தரீன் செய்தது முன்னது. கத்தாரிகள் செய்தது பின்னது. வெளியே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம்; உள்ளே இரண்டுக்கும் இடையே பெரும் பிளவு உண்டு.

ஆகவேதான் புனித தாமஸ் அக்குவினாஸ், மட்டுமீறிய இன்பநுகர்ச்சியை மட்டுமன்றி, இயற்கையான இன்பத்தை முற்றும் உணராதிருக்கும் மரத்துப்போன நிலையையும் ஒரு குறையென்றே வகுத்தார். தன்னடக்கம் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி. நம் ஆண்டவரும் அவ்வழியே நடந்தார். கானாவூரில் ஆறு கற்சாடிகளில் நீர் நிறைக்கச் செய்து, நூற்றுக்கணக்கான லிட்டர் இரசத்தை அளித்தார். பந்தி மேற்பார்வையாளர் அதன் தரத்தைச் சுவைத்தே உணர்ந்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. ஆண்டவருடைய முதல் அரும் அடையாளத்துக்கு முதல் சாட்சி சொன்னது ஒரு மனிதனின் நாக்கு என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பெருந்தீனிக்காரர், குடிகாரர் என்ற பழிச்சொல்லையும் அவர் கேட்கவேண்டியிருந்தது. ஆயினும் விருந்துகளை அவர் விலக்கவில்லை.

பொருத்தம் என்னும் பாடம்

அந்த மேசைக்கு மீண்டும் வருவோம். என் கிண்ணம் காலியாக இருந்தபோதும், என் செவிகள் திறந்திருந்தன. இன்ன மதுவுக்கு இன்ன உணவே பொருந்தும் என்று அவ்வூரார் பேசிக்கொள்வதைக் கேட்டு, முதலில் உள்ளூர நகைத்தேன். வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு இது என்று எண்ணினேன். ஆனால் அவர்கள் விளக்க விளக்க, அதில் ஒரு ஞானம் இருப்பதைக் கண்டேன்.

அந்நிலத்தின் பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கை அளவும் அதற்கு மேலும் உள்ள உருண்டைக் கூழாங்கற்களே பரந்து கிடக்கும். பகலில் அவை வெயிலை வாங்கி, இரவில் கொடிகளுக்கு வெப்பத்தைத் திருப்பித் தரும். வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் என்னும் கடுங்காற்று கொடிகளை உலர்த்தி நோயைத் தடுக்கும். கிரெனாஷ், சிரா, மூர்வேத்ரு எனத் தொடங்கிப் பதின்மூன்று வகைத் திராட்சைகளுக்கு அங்கே அனுமதி உண்டு. கிரெனாஷ் இனிமையும் வெம்மையும் தரும். மூர்வேத்ரு உறுதியும் துவர்ப்பும் தரும். சிரா நிறமும் காரநெடியும் தரும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது.

துவர்ப்பு என்ற சொல்லைத் தமிழர்க்கு விளக்கத் தேவையில்லை. அறுசுவையுள் அதற்கும் இடமளித்தவர்கள் நாம். வாழைப்பூவும் பாக்கும் கடுந்தேநீரும் வாயைப் பிடிப்பதுபோல், முதிராத சிவப்பு மதுவும் பிடிக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள், நம் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்து வாயை வறளச் செய்வதே அதன் காரணம். ஆனால் கொழுப்பும் புரதமும் மிக்க இறைச்சியை உடன் உண்டால், அத்துவர்ப்பு அதன்மேல் தன் வேலையைக் காட்டி மென்மையாகிவிடுகிறது. இறைச்சியின் கொழுப்பும் வாயில் தேங்காமல் கழுவப்படுகிறது. ஆகவேதான் இம்மதுவோடு பூண்டும் காட்டுமூலிகையும் சேர்த்து வாட்டிய ஆட்டிறைச்சியை உண்கிறார்கள். "தோப்" எனப்படும் அந்த மாட்டிறைச்சிக் குழம்போ, இரவு முழுதும் மதுவில் ஊறி, வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றோடு மணிக்கணக்காகச் சிறுதீயில் வெந்தது. மறுநாள்தான் அதன் சுவை முழுமை பெறுமாம். பத்தாண்டு முதிர்ந்த மதுவுக்குக் காட்டுப்பன்றி இறைச்சியும் காளானும் ஏற்றவை. மென்மையான மீனோடு இதைச் சேர்த்தால் இரண்டும் கெடும். வாயில் உலோகச் சுவையே எஞ்சும். மிளகாய் மிகுந்த உணவும் ஆகாது. மதுவின் வெம்மை காரத்தின் எரிச்சலைப் பெருக்கிவிடும்.

இதில் அறம் எங்கே உள்ளது என்று கேட்பீர்கள். ஒரு பொருளின் நன்மை அப்பொருளில் மட்டும் அடங்கியதன்று. தனக்குரிய இடத்திலும், தனக்குரிய துணையோடும் இருக்கும்போதே அது முழுமை பெறுகிறது என்னும் உண்மையே அப்பாடம். திருப்பாடல் 104 இறைவனைப் புகழும்போது, மனிதரின் உள்ளத்தை மகிழ்விக்கும் இரசத்தையும், முகத்தை மிளிரச் செய்யும் எண்ணெயையும், உடலுக்கு வலுவூட்டும் அப்பத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. இரசம் அங்கே தனித்து நிற்கவில்லை. என் தந்தையார் பருகியதோ தனித்த கிண்ணம். அதன் பக்கத்தில் அப்பமும் இல்லை, எண்ணெயும் இல்லை, நாங்களும் இல்லை. நினைவைக் கொல்வதற்காகக் குடித்தார் அவர். இம்மேசையில் இருந்தவர்களோ இறந்த பெற்றோரையும் சென்ற ஆண்டின் அறுவடையையும் நினைவுகூர்ந்தபடி பருகினார்கள்.

அளவே நன்மையைக் காக்கும்

மேலும் ஒன்று. இம்மது ஒரு காலத்தில் தன் பெயரை இழக்கும் நிலையில் இருந்தது. பிறர் மதுவுக்கு வலுவூட்டும் சரக்காக மொத்தமாக விற்கப்பட்டது; வேறு ஊர்ச் சரக்குகள் இதன் பெயரைச் சூடிக்கொண்டன. 1923இல் வழக்கறிஞரான லெ ருவா பிரபுவின் தலைமையில் அவ்வூர் விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டனர். தைமும் லவந்தரும் வளரக்கூடிய வறண்ட நிலத்திலேயே கொடி நட வேண்டும். பழுதுற்ற கனிகளைப் பிரித்து ஒதுக்க வேண்டும். குறித்த வலிமைக்குக் குறைந்தது இப்பெயரைப் பெறாது. 1936இல் அரசுச் சட்டமும் இதை ஏற்றது. இன்றும் அங்கே கையால்தான் பறிக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 35 ஹெக்டோலிட்டர் என்பதே அடிப்படை வரம்பு. வளமான மண்ணும் மிகுந்த நீரும் பெருவிளைச்சலும் இம்மதுவை நீர்த்துப்போகச் செய்யும். குறைவை ஏற்றதனாலேயே அது சிறந்தது. தன்னடக்கம் இன்பத்தின் பகை என்று எண்ணுவோர், அந்தக் கற்காட்டைச் சென்று காண்பது நன்று.

மதுவருந்துவோருக்கும் இதே நெறியைச் சீராக்கின் ஞானம் கூறுகிறது. அளவோடு அருந்தினால் இரசம் வாழ்வளிக்கும். மிஞ்சினால் மனக்கசப்பையும் சண்டையையும் கொணரும் என்பது அந்நூலின் முப்பத்தொன்றாம் அதிகாரத்தின் கருத்து.

ஆனால் இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். நயமாகச் சுவைப்பவனுக்குத் தீங்கில்லை என்ற ஆறுதல் பொய்யானது. பிரான்சு நாடே அதற்குச் சான்று. 1956 வரை அந்நாட்டுப் பள்ளி உணவுக்கூடங்களில் சிறுவர்களுக்கும் மது தரப்பட்டது. அவ்வாண்டில்தான் பதினான்கு வயதுக்குட்பட்டோர்க்கு அது விலக்கப்பட்டது. 1991இல் மது விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆயினும் 2015ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 41,000 இறப்புகளுக்கு மது காரணமாயிற்று என்று அந்நாட்டுப் பொதுநல நிறுவனம் மதிப்பிட்டது. மது புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என்பது 1988இலேயே அறிவிக்கப்பட்டது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. அழகிய கிண்ணமும் உயர்ந்த விலையும் ஈரலை ஏமாற்ற முடியா. படித்தவனின் குடி பண்பாடு என்றும், கூலிக்காரனின் குடி குற்றம் என்றும் பேசுவோமானால், நாம் அறத்தைப் பேசவில்லை, பணத்தைப் பேசுகிறோம்.

அயலாரே அளவுகோல்

அப்படியானால் சரியான அளவு யாது? புனித தாமஸ் இதற்கு அழகாக விடை தருகிறார். மது தன்னிலே விலக்கப்பட்டதன்று. ஆனால், அதனால் எளிதில் கெடும் இயல்புடையவருக்கு அது ஆகாது, அருந்துவதில்லை என வாக்களித்தவருக்கு ஆகாது, மட்டுமீறுவோருக்கு ஆகாது, தம் செயலால் பிறருக்கு இடறலாக அமையும்போதும் ஆகாது. இந்நான்கிலும் கடைசியானதே என் உள்ளத்தைத் தொட்டது. முதல் மூன்றும் என்னை நோக்கச் சொல்கின்றன. நான்காவது அடுத்தவரை நோக்கச் சொல்கிறது.

புனித பவுலின் போதனையும் இதுவே. வயிற்றின் பொருட்டுச் சிறிது திராட்சை மது பயன்படுத்துமாறு திமொத்தேயுவுக்கு அறிவுரை சொன்னவர் அவர். அவரே உரோமையருக்கு எழுதும்போது, சகோதரர் தடுமாற நேருமாயின் இறைச்சியையும் மதுவையும் விட்டுவிடுவதே நன்று என்கிறார். இரண்டும் முரண்பாடல்ல, இரண்டிலும் அன்பே அளவுகோல். கொரிந்து நகரில் ஒருவர் பசியோடிருக்க, மற்றவர் குடிவெறியில் இருந்தபோது, அது ஆண்டவரின் திருவிருந்தே அன்று எனக் கடிந்தவரும் அவரே. ஆம், பசித்தவரை வெளியே நிறுத்திய பந்தியில் எந்தச் சுவையும் நன்றன்று. அங்கே உணவும் மதுவும் எத்துணைப் பொருந்தினாலும், மனிதர் மனிதரோடு பொருந்தவில்லை.

அப்பகுதியில் ரிஷரான்ஷ் என்ற சிற்றூர் உண்டு. அதுவும் ஒரு காலத்தில் திருத்தந்தையரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததே. ஆண்டுதோறும் சனவரித் திங்களில், வனத்து அந்தோணியாரின் திருநாளையொட்டி, அங்கே ஒரு திருப்பலி நடைபெறுகிறது. அம்மண்ணில் விளையும் ட்ரஃபிள் என்னும் நிலத்தடிக் கருங்காளான் மிக உயர்ந்த விலை பெறுவது; அம்மதுவுக்கு உகந்த துணையும்கூட. அத்திருப்பலியில் மக்கள் காணிக்கைக் கூடையில் பணத்துக்குப் பதிலாக அக்காளான்களை இடுகிறார்கள். பின்னர் அவை ஏலம் விடப்பட்டுப் பங்குக்கு உதவுகின்றன. எண்ணிப் பாருங்கள்: அப்பமும் உப்பும் உண்டு, நீர் மட்டுமே பருகியதாகப் புனித அத்தனாசியார் எழுதிவைத்த பாலைநிலத் துறவி, உலகின் விலையுயர்ந்த சுவைகளுள் ஒன்றுக்குப் பாதுகாவலர்! முதலில் இது எனக்கு முரணாகத் தோன்றியது. இப்போது அவ்வாறு தோன்றவில்லை. எந்தச் சுவைக்கும் அடிமையாகாதவரிடமே சுவைகளை ஒப்படைப்பது தக்கது அன்றோ?

திருச்சபை தன் பலிபீடத்திலும் இந்த அன்பின் அளவையே கைக்கொள்கிறது. நற்கருணைக்கு உண்மையான திராட்சை இரசமே வேண்டும் என்பதில் அது உறுதியாக உள்ளது. ஆயினும், ஒரு துளி மதுவும் ஆபத்தாகும் நிலையிலுள்ள குரு, உரிய இசைவுடன் புளிப்பு நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என 2003இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. அப்ப வடிவில் மட்டும் உட்கொள்பவரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார் என்பது நம் மறைக்கோட்பாடு. பருக இயலாதவருக்கும் அப்பந்தியில் ஒரு குறைவும் இல்லை.

அன்றைய விருந்தில் நடந்த ஒன்றை இன்னும் நான் சொல்லவில்லை. நான் கிண்ணத்தை மூடியபோது, மூதாட்டியார் காரணம் கேட்கவில்லை, வற்புறுத்தவுமில்லை. புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர்க் குவளையை எடுத்து என் கிண்ணத்தை நிரப்பினார். பிறகு அப்படியே நகர்ந்து, மேசையின் மறுமுனையில் அமர்ந்திருந்த தம் மூத்த மகனின் கிண்ணத்திலும் தண்ணீரே ஊற்றினார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். அவர் என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். பதினொரு ஆண்டுகளாக அவர் மதுவைத் தொட்டதில்லை என்றும், அதற்கு முன் அவ்வீடு பட்ட பாடு சொல்லுந்தரமன்று என்றும் பின்னர் அறிந்தேன். அந்தக் குழம்பைக்கூட அவருக்கென்று மது சேர்க்காமல் தனியே ஒரு சிறு சட்டியில் சமைத்திருந்தார் அந்தத் தாய்.

அன்று உண்மையான பொருத்தம் எதுவென்று கண்டேன். மதுவுக்கு எந்த உணவு பொருந்தும் என்று நன்கறிந்த அந்தக் கைகள், எந்த மனிதருக்கு எது பொருந்தும் என்பதையும் அறிந்திருந்தன.

இன்றும் நான் மதுவைத் தொடுவதில்லை. தொடும் எண்ணமும் இல்லை. ஆனால் என் உள்ளங்கை கிண்ணத்தை மூடும்போது, அதில் முன்பிருந்த வெறுப்பு இல்லை. நல்லதொன்றை, என் தந்தையாரின் நினைவாகவும், அவரைப்போல் தடுமாறும் சகோதரர்களின் பொருட்டும், விட்டுக்கொடுக்கிறேன். சுவைத்தல் பாவமன்று. எவருடைய கண்ணீரையும் காணாமல் சுவைப்பதே பாவம். நம் இல்லத்துப் பந்திகளில் யாருடைய கிண்ணத்தில் எதை ஊற்ற வேண்டும் என்று அறியும் அன்பை, கானாவூரில் குறையை முதலில் கண்ட அன்னையின் மன்றாட்டால் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.